அந்த ஏழு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்தது பலருக்கும் தெரியும், மறுபடி விவரிக்கவில்லை. மொசார்ட்டின் இசைநாடகத்தை (ஆபெரா) ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மன் படமாக்கிய ‘மாயப் புல்லாங்குழல்’. அதில் தொடக்க இசையைக் காட்டாமல் வேகமாகத் தள்ளிவிட்டு நேராகக் கதைக்குப் போனீர்கள், திரையிட்டவர்களே. “வெறும் முகங்கள்தானே சார், கூட்டம் நெளியுது.” சரி.

வெறும் முகங்கள்! மொசார்ட்டின் இசை ஒலிக்கும் அந்தக் கிட்டத்தட்ட ஏழு நிமிடமும் கேமரா அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களைத்தான் பார்க்கிறது. கிழவர், இளைஞர், பல தேசத்து முகங்கள், திரும்பத் திரும்ப ஒரு சிறுமி. இது நாடகம், வா, சேர்ந்து பார்ப்போம் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார் மனிதர். அதைத் தாண்டி வந்தவருக்கு அடுத்து வரும் வேஷம் கட்டிய டிராகன் கோமாளித்தனமாகத்தான் தெரியும். தெரிந்தது. சிரித்தீர்கள்.

“மேடையைப் படம் பிடித்தால் சினிமாவா?” என்கிறார் ஒரு நண்பர். ஐயா, அந்த மேடையே செட்! ஸ்டாக்ஹோம் அருகே டிராட்னிங்ஹோமில் உள்ள 18ஆம் நூற்றாண்டு அரங்கில் எடுக்க பெர்க்மன் ஆசைப்பட்டார். அந்தப் பழைய கட்டடம் படப்பிடிப்பைத் தாங்காது என்பதால் ஸ்டுடியோவுக்குள் அதே மாதிரி ஒன்றைக் கட்டினார். மேடையை மறைக்கத் தெரியாதவரா இவர்? பறவை பிடிப்பவன் பாப்பகெனோவாக நடிப்பவர் ஒப்பனை அறையில் தூங்கிப்போய் அலறியடித்து ஓடிவருவதும், இடைவேளையில் இரவு ராணி வேஷக்காரி ‘புகைபிடிக்காதீர்’ பலகைக்குப் பக்கத்திலேயே சிகரெட் ஊதுவதும் எந்த நாடகத்தில் டிக்கெட் வாங்கினால் தெரியும்?

இதே கதையை இயக்குநர் கென்னத் பிரானா எடுத்த படத்தைப் போட்டிருக்கலாமாம். 2006இல் வந்தது, முதல் உலகப் போர், பதுங்குகுழி, விமானம். பார்த்தேன். விமானம் நன்றாக இருந்தது.

அப்புறம், இது ‘மேல்தட்டு ரசனை’ என்கிற குற்றச்சாட்டு. 1791இல் வியன்னாவின் புறநகர் அரங்கு ஒன்றில், ஜனங்கள் பேசிய ஜெர்மனில் போட்ட நாடகம் இது. அரங்கை நடத்திய சிக்கனேடரே வசனம் எழுதி, பாப்பகெனோ வேஷமும் கட்டினார். பெர்க்மன் அதை ஸ்வீடிஷில் பாடவைத்து, 1975 புத்தாண்டு அன்று தொலைக்காட்சியில் காட்டினார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஜனங்கள் பார்த்த படம். மேல்தட்டாம்!

படம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீ குடிக்க இருபது நிமிடம் விட்டீர்களே?

என் அக்கா மகளுக்கு ஆறு வயதில் இதைப் போட்டுக் காட்டினேன். “மாமா, அந்தப் பொண்ணு நம்மளயா பாக்குது?” என்றாள். ஒரு வார்த்தை புரியாமலே, அந்தச் சிறுமி சிரித்தபோதெல்லாம் இவளும் சிரித்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளைத்தான் கூட்டி வந்திருந்தேன். நீங்கள் அதைத் தள்ளிவிட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிவிடி என்னுடையது. இன்னும் திருப்பித் தரவில்லை.