ஆளைச் சாய்த்து ‘டிப்’ (dip) செய்யும் முன் கேளுங்கள்
சல்சா என்ற ஜோடி நடனத்தில் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு கட்டுரை படித்தேன். ஆடும்போது நடுவில் நிறுத்தி துணைக்குப் பாடம் எடுக்காதீர்கள் என்று அது சொல்வது சரி. ஆனால் வேலூரில் ஆடுகிறவன் நான், முதலில் வியர்வையைத்தான் சொல்வேன். அக்னி நட்சத்திரத்தில் காட்பாடிப் பக்கம் ஒரு மாடி ஹாலில் இரண்டு பாட்டு ஆடினாலே சட்டையைப் பிழியலாம். மாற்றுச் சட்டையும் துண்டும் பையில் இருக்கட்டும். அப்புறம், கையைப் பிடிக்கும் விதம். லீட் செய்பவர், அதாவது ஆட்டத்தை வழிநடத்துபவர், விரல்களைக் கொக்கி மாதிரி வைத்தால் போதும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் துணை சுழலும்போது மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். டிப் என்று ஆளைப் பின்னால் சாய்ப்பதெல்லாம் கேட்காமல் செய்யவே கூடாது. யாருக்கு முதுகுவலி என்று நமக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஆடக் கூப்பிட்டவர் ‘இந்தப் பாட்டு வேண்டாம்’ என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். ஏன், எதற்கு என்று கேட்டு நிற்கிற ஆட்களால்தான் புதிதாக வரும் பெண்கள் மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை.