75 இலட்சத்துக்கு டெஸ்லா 'மாடல் 2' வருகிறதா?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது: 'டெஸ்லா மாடல் 2, கொழும்பில் 75 இலட்சம் ரூபாய், முற்பணம் கட்டலாம்'. இது உண்மையில்லை.

மேல்மாடி அண்ணா முற்பணம் கட்டவே தயாராகிவிட்டார். அவருடைய போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முன் சக்கரத்தில் ஐந்து ஆரம், பின் சக்கரத்தில் ஆறு. இலக்கத்தகட்டில் எந்த மொழியிலும் சேராத எழுத்துகள். கணினி வரைந்த கற்பனை அது.

விலை எங்கிருந்து வந்தது? 2020 செப்டெம்பரில் டெஸ்லா தலைவர் எலான் மஸ்க் மூன்று வருடத்தில் 25,000 டொலர் கார் என்றார். அதை 300 ரூபாயால் பெருக்கினால் 75 இலட்சம், அவ்வளவுதான். அந்தக் கார் வரவேயில்லை. ஓட்டுநர் ஓட்டும் சாதாரண 25,000 டொலர் காரில் அர்த்தமில்லை என்று 2024 ஒக்டோபரில் அவரே சொல்லிவிட்டார். 'மாடல் 2' என்பதும் ஊடகங்களில் புழங்கிய பெயர்தான். 2025 ஒக்டோபரில் வந்த மலிவுப் பதிப்பான மாடல் 3 ஸ்டாண்டர்டுக்கே அப்போது அமெரிக்காவில் 36,990 டொலர்.

சரி, 25,000 டொலருக்கே வந்தாலும் வரி எங்கே? 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தபோது சுங்க வரியும் கூடவே வந்தது. மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்து உற்பத்தி வரி, அதற்கு மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி). கப்பல் கூலியையும் சேருங்கள்.

அண்ணா பணம் அனுப்பவில்லை. நீங்களும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.