கால்பந்துக் கூட்டத்தின் மீது விழும் பழி

2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் நகரை அடுத்த கஞ்சுருஹான் மைதானத்தில் 135 பேர் இறந்தார்கள். மறுநாள் உலகெங்கும் வெளியான செய்திகள் பலவற்றில் 'கலவரம்' என்ற சொல்தான் முன்னால் நின்றது. அதைப் படித்தவர்கள் இரண்டு அணிகளின் ரசிகர்களும் வெறிபிடித்து மோதிக்கொண்டார்கள் என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் அன்று மாடங்களில் இருந்தது அரேமா அணியின் ரசிகர்கள் மட்டும்தான். மோதல் வந்துவிடக் கூடாது என்பதற்காக எதிரணியான பெர்செபயாவின் ரசிகர்களுக்கு முன்கூட்டியே அனுமதி மறுத்துவிட்டார்கள். சொந்த மைதானத்தில் 3-2 என்று தோற்ற ஆத்திரத்தில் அரேமா ரசிகர்கள் சிலர் களத்துக்குள் இறங்கினார்கள், அது தவறுதான். ஆனால் காவல்துறை களத்தில் இருந்தவர்களோடு நிற்காமல், இருக்கைகளில் இருந்தவர்கள் மீதும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. கண் எரிந்து மூச்சுத் திணறி ஓடியவர்கள் குறுகலான வாயில்களில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து நசுங்கினார்கள். இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. கூட்டத்தைக் கலைக்கும் வாயுவை மைதானத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்பது ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகளில் எழுத்தில் இருக்கும் கட்டளை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கால்பந்தில் இது எப்போதோ ஒருமுறை நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் உயிர் போனதும் கூட்டத்தையே குற்றவாளியாக்குவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. இதை ரசிகர்களின் மானப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பவர்களோடு நான் உடன்படவில்லை. இந்த அவப்பெயர் ஆட்களைக் கொல்லக்கூடியது. கால்பந்து ரசிகர் என்றாலே கலகக்காரர் என்று நம்புகிறவர்கள், மைதானத்தைக் கட்டும்போதும், காவலை வகுக்கும்போதும், உயிர்கள் போன பிறகு விசாரிக்கும்போதும் அந்த நம்பிக்கையின்படியே நடந்துகொள்கிறார்கள்.

இதற்கு ஹில்ஸ்பரோவைவிடத் தெளிவான சான்று வேறில்லை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹில்ஸ்பரோ மைதானம், லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் இடையிலான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்று பார்க்கும் மாடத்துக்குச் சீட்டு வாங்கியிருந்த 10,100 லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை ஏழே ஏழு சுழல்கதவுகள். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க வெளியே நெரிசல் ஆபத்தான நிலையை எட்டியது. 2.52 மணிக்குக் காவல்துறையின் உத்தரவின் பேரில் பெரிய வெளிக்கதவு ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே வந்தவர்களின் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது ஒரு சுரங்க வழி. அது, கம்பிவேலிகளால் தனித்தனியாக அடைக்கப்பட்டிருந்த நடுப் பட்டிகள் இரண்டுக்குள் கொண்டுபோய் விட்டது. அவை ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. பக்கவாட்டுப் பட்டிகளில் தாராளமாக இடம் இருந்தது. சுரங்க வழியை அடைத்து, வந்தவர்களைப் பக்கவாட்டில் திருப்பிவிட அங்கே யாரையும் நிறுத்தவில்லை.

நெருக்கமான கூட்டத்தில் நின்று பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. சுரங்க வழிக்குள் நுழைந்தவர் தாம் யாரையும் நெருக்குவதாக உணர்ந்திருக்கவே வழியில்லை. எல்லோரையும்போல நடந்து உள்ளே போனார், அவ்வளவுதான். அந்த நடையின் அழுத்தம் முழுவதும் சேர்ந்து, வேலியோரம் நின்றவர்களின் மார்பில் இறங்கியது. மூச்சை உள்ளே இழுக்க விலா எலும்புகள் விரிய வேண்டும். விரிய இடமில்லாதபோது, நின்றபடியே, முகம் வேலியில் அழுந்தியபடியே ஆட்கள் இறந்துபோனார்கள். ரசிகர்கள் களத்துக்குள் இறங்குவதைத் தடுக்கவென்று எழுப்பப்பட்ட வேலி அது. உயிர் தப்ப அதில் ஏறியவர்களைக் களத்தை முற்றுகையிட வருகிறவர்கள் என்று எண்ணி முதலில் காவலர்கள் சிலர் திருப்பித் தள்ளினார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தியபோது மணி 3.06. விளம்பரப் பலகைகளைப் பெயர்த்தெடுத்துத் தூக்குப் படுக்கைகளாக்கி அடிபட்டவர்களைச் சுமந்து ஓடியவர்கள், பிற்பாடு குடிகாரர்கள் என்றும் திருடர்கள் என்றும் தூற்றப்பட்ட அதே ரசிகர்கள்.

அந்தத் தூற்றல் தானாக வந்துவிடவில்லை. ரசிகர்கள்தான் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள் என்று, கதவைத் திறக்க உத்தரவிட்ட காவல் அதிகாரியே ஆட்டம் நின்ற சில நிமிடங்களில் கால்பந்துச் சங்கத்தினரிடம் சொன்னார். இறந்தவர்களின் ரத்தத்தில், பிள்ளைகள் உட்பட, மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். இறந்தவர்களில் மிகச் சிறியவனுக்கு வயது 10. நான்காம் நாள் 'தி சன்' நாளிதழ், ரசிகர்கள் இறந்தவர்களின் சட்டைப் பையில் கைவிட்டுத் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் அச்சிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை, கூட்டத்தைக் காவல்துறை கையாளத் தவறியதே முதன்மைக் காரணம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் அந்தப் பொய் சாகவில்லை. காவலர்களின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்தன என்று 2012-இல் ஒரு சுயேச்சைக் குழு வெளிக்கொண்டுவந்தது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தைக்கு இதில் பங்கே இல்லை என்று மரண விசாரணையில் ஜூரிகள் தீர்ப்பளித்தது 2016 ஏப்ரலில். அதற்குள் 27 ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்று அடைந்த காயத்தின் விளைவாகப் பின்னாளில் இறந்தவரையும் சேர்த்து இப்போது கணக்கு 97. இத்தனைக்கும் பிறகு தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒருவர்: சுழல்கதவுகள் போதுமான அளவில் இருப்பதை உறுதிசெய்யத் தவறியதற்காக மைதானத்தின் அன்றைய நிர்வாகி ஒருவருக்கு 2019-இல் 6,500 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு, காவலுக்குத் தலைமை தாங்கிய அதிகாரி குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

இவை பழங்கதை, காலம் மாறிவிட்டது என்று சொல்பவர்கள் 2022 மே 28 அன்று பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியைப் பார்க்க வேண்டும். லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதிய அந்த ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானபோது, ரசிகர்கள் தாமதமாக வந்ததே காரணம் என்று மைதானத் திரையிலேயே அறிவித்தார்கள். அந்த ரசிகர்களில் ஆயிரக்கணக்கானோர் ஆட்டம் தொடங்க வெகுநேரம் முன்பே வந்து, காவல் வண்டிகள் குறுக்கே நின்ற குறுகிய பாதையில் நெருக்கியடித்துக் காத்துக் கிடந்தார்கள். குழந்தைகளும் மாற்றுத்திறனாளிகளும் இருந்த அந்தக் கூட்டத்தின் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. 30,000 முதல் 40,000 பேர் போலிச் சீட்டோடு அல்லது சீட்டே இல்லாமல் வந்ததாகப் பிரான்ஸின் உள்துறை அமைச்சர் சொன்னார். வாயில்களில் பதிவான போலிச் சீட்டுகள் மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா அமர்த்திய விசாரணைக் குழுவே, முதன்மைப் பொறுப்பு யூஃபாவுடையது என்று 2023 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. லிவர்பூல் ரசிகர்கள் கலகக்காரர்கள் என்ற பழைய எண்ணம் அன்றைய காவல் ஏற்பாட்டின் அடியில் இருந்ததையும், அந்த ரசிகர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு பொறுமை காத்ததே பெரிய விபரீதம் நேராமல் தடுத்திருக்கக்கூடும் என்பதையும் அதே அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. ஹில்ஸ்பரோவிலிருந்து உயிர் தப்பியவர்கள் சிலரும் அன்று அந்த வரிசையில் நின்றார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ரசிகர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் வாதிடவில்லை. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்களில் ஒரு பகுதியினர் வேலியைத் தாண்டிப் பாய்ந்ததால்தான் எதிரணியான யுவென்டஸின் பக்கத்தில் இருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கி நசுங்கினார்கள். 39 பேர் இறந்தார்கள். மைதானம் பாழடைந்து கிடந்தது உண்மை, காவல் போதாமல் இருந்ததும் உண்மை. ஆனாலும் பாய்ந்தவர்களின் குற்றத்தை அந்த உண்மைகள் கரைத்துவிடாது. 14 பேர் கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்ததற்காகத் தண்டிக்கப்பட்டது சரியே. 2012 பிப்ரவரி 1 அன்று எகிப்தின் போர்ட் சயீதில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்ததில், அடிக்க வந்தவர்களின் கைகளும் இருந்தன, பார்த்துக்கொண்டு நின்ற காவலர்களின் செயலின்மையும் இருந்தது. 2021-இல் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்து ஆடிய யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதிப் போட்டியில் சுமார் 2,000 பேர் சீட்டில்லாமல் வாயில்களை உடைத்து உள்ளே புகுந்தார்கள். உயிர்ப்பலி நேராதது தற்செயல் என்றுதான் அதை விசாரித்த அறிக்கையைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். ரசிகர்கள் இவற்றை மூடி மறைத்தால், நாளை நம் மீது வீண்பழி விழும்போது நம் சொல்லை யார் கேட்பார்கள்?

நான் கேட்பது, செய்தவரைப் பிடியுங்கள், உடன் நின்றவரை விடுங்கள் என்பதுதான். இது நடக்கக்கூடியதே. 2023 ஜூனில் வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்கு, ஹில்ஸ்பரோவில் இறந்த 97 பேரைக் கேலி செய்யும் வாசகம் பொறித்த சட்டையை அணிந்து ஒருவர் வந்தார். அவருடைய படம் பரவியது, அன்றே கைதானார், நீதிமன்றம் அபராதம் விதித்தது, நான்கு ஆண்டுகள் மைதானத்துக்குள் நுழையக் கூடாது என்று தடையும் போட்டது. அவருடைய அணியின் மற்ற ரசிகர்கள் யாருக்கும் இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. இவ்வளவு கேமராக்களும், பெயர் பதிவான சீட்டுகளும் இருக்கும் காலத்தில் இப்படிச் செய்ய முடியாது என்று எந்தச் சங்கமும் சொல்ல முடியாது.

ஆனாலும் சங்கங்களுக்குப் பிடித்தது மொத்தத் தண்டனைதான். மைதானத்தை மூடிவைத்து ஆட்டத்தை நடத்து, வெளியூர் ரசிகர்களை வரவிடாதே, ஒரு பக்க மாடத்தையே பூட்டு. 2021 வெம்ப்ளி சம்பவத்துக்காக இங்கிலாந்து அணி 2022 ஜூனில் இத்தாலியுடன் பூட்டிய மைதானத்தில் ஆடியது. வாயிலை உடைத்தவர்களுக்கும், முறையாகச் சீட்டு வாங்கி வரிசையில் நின்றவர்களுக்கும் அன்று கிடைத்த தண்டனை ஒன்றே. இப்படித் தண்டிப்பது நிர்வாகத்துக்கு எளிது, விசாரிக்க வேண்டியதில்லை, தன் பக்கத் தவறை வெளியே சொல்ல வேண்டியதுமில்லை. மாடத்தில் அத்துமீறுபவரைக் கண்டித்து அடக்கும் மூத்த ரசிகருக்கு இதனால் கிடைப்பது ஏமாற்றம் மட்டுமே. அவரும் ஒதுங்கிப் போனால் அந்த மாடத்தில் மிஞ்சப்போவது யார் என்பதைத் தண்டிப்பவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

காவலை வேறு விதமாகவும் செய்யலாம். 2004-இல் போர்ச்சுகலில் நடந்த யூரோ போட்டியில், ஆட்டங்கள் நடந்த நகரங்களின் காவல்துறை கவச உடைப் படையைக் கண்ணில் படாத இடத்தில் நிறுத்திவிட்டு, சாதாரணச் சீருடையில் இருந்த காவலர்களை ரசிகர்களோடு பேசவும் பழகவும் விட்டது. முரட்டுத்தனத்துக்குப் பேர்போனவர்கள் என்று சொல்லப்பட்ட இங்கிலாந்து ரசிகர்களால் அந்த நகரங்களில் பெரிய குழப்பம் எதுவும் வரவில்லை. வேறொரு காவல் படையின் பொறுப்பில், பழைய பாணியில் கையாளப்பட்ட அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில்தான் கலவரம் மூண்டது. மரியாதையாக நடத்தப்படும் கூட்டம், தன்னுள் இருக்கும் முரடர்களைத் தானே அடக்கிவிடும் என்பதைக் கூட்ட உளவியல் ஆய்வாளர்கள் இந்தப் போட்டியை வைத்து விளக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் ஜப்பான் ரசிகர்கள் குப்பையைப் பொறுக்கி மாடத்தைச் சுத்தம் செய்வதை உலகமே பாராட்டுகிறது, நானும் பாராட்டுகிறேன். ஆனால், ரசிகர்கள் இப்படி நடந்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள் என்று அதை மற்றவர்களுக்கு எதிராக நீட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. போதுமான வாயில்களும், திறந்திருக்கும் வெளியேறும் வழியும், கண்ணீர்ப்புகை இல்லாத மாடமும் நன்னடத்தைக்காகத் தரப்படும் பரிசுகள் அல்ல. உரக்கக் கத்துபவருக்கும், நடுவரைத் திட்டுபவருக்கும், தோற்றால் அழுபவருக்கும் அவை கிடைத்தாக வேண்டும்.

அடுத்த முறை ஒரு மைதானத்திலிருந்து சாவுச் செய்தி வரும்போது, பகிர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள் என்று நண்பர்களை வேண்டிக்கொள்கிறேன். எத்தனை வாயில்கள் இருந்தன, அவற்றில் எத்தனை திறந்திருந்தன? புகைக் குண்டை யார், எந்தத் திசையில் வீசினார்கள்? ரசிகர்கள்தான் காரணம் என்று முதலில் சொன்னவர் யார், அவருடைய பொறுப்பில் எது இருந்தது? பாரிஸ் மைதானத்தின் கேமராப் பதிவுகள், யாரும் கேட்காததால் ஏழு நாட்களில் தானாக அழிந்துபோயின. ஹில்ஸ்பரோ குடும்பங்களின் நெடுங்காலப் போராட்டத்தின் பயனாக, பொது அதிகாரிகள் விசாரணையில் உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்று கடமைப்படுத்தும் சட்ட முன்வரைவு ஒன்று 2025 செப்டம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. அதே கடமையை ஃபிஃபாவும் கண்டச் சங்கங்களும் தங்கள் போட்டிகளை நடத்துபவர்கள் மீது விதிக்க வேண்டும். யாராவது காயம்பட்ட அன்றே கேமராப் பதிவுகள் எல்லாம் நிர்வாகத்தின் கையிலிருந்து ஒரு சுயேச்சை அமைப்பின் கைக்குப் போய்விட வேண்டும். அந்த அமைப்பின் அறிக்கை வரும்வரை நிர்வாகமோ, காவல்துறையோ, அமைச்சரோ கூட்டத்தின் மீது பழி சுமத்தி அறிக்கை விடக் கூடாது என்பதும் போட்டி நடத்த உரிமை தரும்போதே எழுதப்படும் நிபந்தனையாக இருக்க வேண்டும்.