இருப்பு முந்தி, சாரம் பிந்தி

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. அதில் ஒரு தையல் மிஷினும் ஒரு ஸ்டூலும் மட்டும் கொள்ளும் அளவில் ஒரு கடை. பைக்கு ஜிப் மாற்றப் போயிருந்தேன். பத்து நிமிடம் என்றார் பாய். ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஒரு கையில் பேண்டுத் துணி, மறு கையில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம். ஒரு காதில் மட்டும் கடுக்கன்.

பாய்: வா தம்பி. அப்பா காலையிலேயே போன் போட்டார். திங்கட்கிழமை இன்டர்வியூவாமே?

பையன்: அது அப்பாவின் இன்டர்வியூ பாய். என்னுடையது இல்லை.

பாய்: அப்படியென்றால் நீ எதற்கு வந்தாய்? அவர் அளவுதான் நோட்டில் இருக்கிறதே.

பையன்: விளையாடாதீர்கள் பாய். நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் ஒரு வேலையில் போய் எப்படி உட்காருவது?

பாய்: நீ யார் என்று தெரியாதா? வெங்காய மண்டிக்காரர் மகன். நிமிர்ந்து நில்.

பையன்: அது அப்பாவின் அடையாளம். நான் கேட்பது வேறு. சார்த்தர் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1945-இல் பாரிசில் ஒரு கூட்டத்தில் பேசினார். இருப்பு முந்தியது, சாரம் பிந்தியது என்றார்.

பாய்: சாரம் இருப்பு பத்து இருக்கிறது. கட்டம் போட்டது வேண்டுமா, வெள்ளையா? மூட்டுக் கூலி முப்பது.

பையன்: ஐயோ, அந்தச் சாரம் இல்லை பாய்!

பாய்: எங்கள் ராமநாதபுரம் பக்கம் கைலிக்குச் சாரம் என்றுதான் பெயர். உன் பிரெஞ்சுக்காரர் எதைச் சொன்னார்?

பையன்: பேப்பர் கிழிக்கும் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பதுதான் அதன் சாரம். அது செய்கிறவன் மனதில் முதலிலேயே இருக்கிறது. பிறகுதான் கத்தி வருகிறது. மனிதன் அப்படி இல்லையாம். முதலில் பிறந்துவிடுகிறான். எதற்குப் பிறந்தான் என்பதை அவனே செய்து செய்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

பாய்: (சாக்கட்டியைக் காதில் செருகிக்கொண்டு) ஆள் விஷயம் தெரிந்தவர்தான். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் துணியோடு வந்து நிற்பார்கள். என்ன தைக்க வேண்டும் என்று கேட்டால் முழிப்பார்கள். சரி, செய்து செய்து என்றாரே, நீ என்ன செய்தாய்?

பையன்: படித்துக்கொண்டிருக்கிறேன்.

பாய்: எத்தனை நாளாக?

பையன்: ஒன்றரை வருடம்.

பாய்: ஒன்றரை வருடம் துணியை மடித்தே வைத்திருந்தால் மடிப்பிலேயே விட்டுப்போகும் தம்பி.

(இதைச் சொல்லிவிட்டு பாய் என்னைப் பார்த்தார். என் பையைத் தொடக்கூட இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நின்றுவிடும்.)

பையன்: பாய், ஒரு உதவி. அப்பா தையல் கூலி ஆயிரம் கொடுத்தார். பேண்டு, சட்டை இரண்டுக்கும். அதில் அறுநூறு எனக்கு வேண்டும். திருவண்ணாமலைக்குப் போகப்போகிறேன். அப்பா கேட்டால் தைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

பாய்: அது என்ன கணக்கு, அறுநூறு?

பையன்: ரமணர் கணக்கு. 1896-இல் மதுரை வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது, அண்ணனுக்குக் காலேஜ் சம்பளம் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாய் எடுத்துக்கொண்டார். அப்போது வயது பதினாறு. ஐந்தில் மூன்று. ஆயிரத்தில் அறுநூறு.

பாய்: ஓஹோ. மிச்சம் இரண்டு ரூபாயை என்ன செய்தார்?

பையன்: ...வைத்துவிட்டுப் போனார்.

பாய்: சும்மாவா வைத்தார்? சம்பளம் இன்னும் கட்டவில்லை, மிச்சம் இதோ என்று கடிதம் எழுதி வைத்தார். அவர் இருந்த சொக்கப்ப நாயக்கன் தெருவுக்குப் பக்கத்தில் இருபது வருடம் மிஷின் மிதித்திருக்கிறேன். என்னிடமேவா? அவர் பொய்க்கணக்குச் சொல்ல டெய்லரைக் கூப்பிடவில்லை. அந்த வீடு இப்போது ரமண மந்திரம். போயிருக்கிறாயா?

பையன்: யூடியூபில் பார்த்தேன்.

பாய்: இங்கிருந்து நடக்கிற தூரம்டா!

பையன்: ஆனால் அவர் செய்த மாதிரியே செய்து பார்த்தேன் பாய். திடீரென்று சாவு பயம் வந்ததும் பிணம் மாதிரி விறைத்துப் படுத்து, மூச்சை அடக்கி, செத்தது உடம்புதான், நான் யார் என்று பார்த்தாராம். நானும் மொட்டை மாடியில் படுத்தேன்.

பாய்: அப்புறம்?

பையன்: தூங்கிவிட்டேன். அம்மா வடகம் காயப்போட வந்து எழுப்பினார்கள்.

(சிரித்தால் ஸ்டூல் ஆடும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.)

பாய்: சரி, ரயில் கதை தெரியுமா? பழைய அட்லஸைப் பார்த்துவிட்டுத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். இரண்டு ரூபாய் பதிமூன்று அணா. விழுப்புரத்தில் இறங்கி மாற வேண்டும் என்று ரயிலில் வழி சொன்னது யார்?

பையன்: ஒரு மௌல்வி.

பாய்: (இஞ்ச் டேப்பை உதறி) ஆங்! அதைச் சொல்ல மாட்டாயே. கையில் மிச்சம் மூன்று அணா. கொஞ்ச தூரம் ரயில், மற்றது நடை. கடைசியில் காதில் கிடந்த தங்கக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினார். உன் காதில் இருப்பது?

பையன்: ஸ்டீல். விளக்குத்தூண் பக்கம் நாற்பது ரூபாய்.

பாய்: பிழைத்தாய் போ. கையைத் தூக்கு. மூச்சை உள்ளே இழுக்காதே. நான் உன் வயிற்றுக்குத்தான் தைக்கிறேன், உன் ஆசைக்கு இல்லை. இடுப்பு முப்பத்து நாலு.

பையன்: முப்பத்திரண்டு பாய்.

பாய்: அது போன வருடத்து ஆள். காஜா போடுகிற பையனுக்கே தெரிகிறது. ஆமாம், அந்த ‘நான் யார்’ என்ற கேள்வியை அவரிடம் முதலில் போய்க் கேட்டது யார்?

பையன்: முதலிலா என்று தெரியாது. ஆனால் ‘நான் யார்?’ புத்தகத்தில் இருப்பது சிவப்பிரகாசம் பிள்ளை 1902-இல் கேட்டவை. பிள்ளை தத்துவப் பட்டதாரி. ரமணர் பேசாமல் எழுதிக் காட்டியே பதில் சொன்னார்.

பாய்: பிள்ளை என்ன, வேலைவெட்டி இல்லாமல் மலையேறினாரா?

பையன்: (குரல் இறங்கி) தென்னாற்காடு கலெக்டர் ஆபீசில், ரெவின்யூவில் இருந்தார்.

பாய்: லீவு போட்டுப் போனாரா?

பையன்: இல்லை. ஆபீஸ் வேலையாகத் திருவண்ணாமலைக்குப் போன இடத்தில்...

பாய்: ஆபீஸ் வேலையாக! அப்போது பயணப்படியே வந்திருக்கும். நீ வெங்காய மண்டிக் காசில் கையை வைக்கிறாய்.

(பயணப்படி என்பது பாயின் சொந்தச் சேர்க்கை. ஆனால் நானும் அரசு ஊழியன்தான். அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.)

பையன்: வேலையில் சேர்ந்த பிறகு, இது நான் இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வது பாய்?

பாய்: இடுப்பில் உள்ளே இரண்டு இஞ்ச் துணி விட்டுத் தைக்கிறேன். கூடினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம், குறைந்தால் பிடித்துக்கொள்ளலாம். அளவு மாறுமே என்று எவனாவது பேண்டில்லாமல் தெருவில் போகிறானா? தொடை லூசா, டைட்டா?

பையன்: எனக்கு எது பிடிக்கும் என்று யோசிக்க வேண்டும்.

பாய்: யோசிக்காதே. சனிக்கிழமை ட்ரயல். போட்டு உட்கார்ந்து பார். பிடித்தால் சொல், கிழிந்தால் நானே பார்த்துக்கொள்கிறேன். ஆயிரத்தையும் எடு.

(பையன் அப்பாவின் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினான். புத்தகத்தின் நடுவில் வைத்திருந்ததால் மடிப்பே இல்லை.)

பாய்: பில்லில் பெயர் என்ன போடட்டும்?

பையன்: வெறும் கோடு போடுங்கள் பாய். ரமணர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் கோடுதான் போட்டார்.

பாய்: அவர் துணி வாங்கத் திரும்பி வரவில்லை தம்பி, கோடு போதும். நீ சனிக்கிழமை வருவாயே. (எழுதிக்கொண்டே) ‘நான் யார்’... பேண்டு ஒன்று, சட்டை ஒன்று. வந்து இந்தப் பெயரைச் சொல், எடுத்துத் தருகிறேன். சார், உங்கள் பையில் என்ன, ஜிப்பா, காதா?