தனி அடுப்பு

2018-ல் ஒரு நாள் எங்கள் ஊர் சிட்டி அலுவலகத்தின் பெர்மிட் கவுண்டரில் போய் நின்றேன். கலிஃபோர்னியாவில் நடுத்தரமான ஓர் ஊர், பெயர் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டலாமா என்று கேட்டேன். கட்டலாம் என்றார் கவுண்டரில் இருந்த அம்மாள். பாத்ரூம்? அதுவும் சரி. சின்னதாக ஓர் அடுப்பு? கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அடுப்பு வந்துவிட்டால் அது அறை இல்லையாம், இரண்டாவது வீடாம். இரண்டாவது வீடு வேண்டுமென்றால் மனை 6,000 சதுர அடியாவது இருக்க வேண்டும். எங்களுடையது 5,800. கூடவே ஒரு கார் நிறுத்த இடமும் காட்ட வேண்டும். குடியிருக்கப் போவது என் அம்மா, அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றேன். அவர் சிரித்தார், ஆனால் விதி சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஒன்று தோன்றியது. நம் ஊரிலும் இதே கணக்குத்தானே? ‘தனி அடுப்பு வைத்துவிட்டார்கள்’ என்றால் குடும்பம் இரண்டாகிவிட்டது என்று அர்த்தம். சுவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கும் பயம் கட்டடத்தைப் பார்த்து இல்லை. அதே தெருவில் மூவாயிரம் சதுர அடிக்கு மாடி எழுப்பினால் யாரும் வாய் திறப்பதில்லை. சின்னதாக ஒரு பின்வீட்டுக்குள் இன்னொரு குடும்பம் வந்துவிடுமோ என்பதுதான் பயம். மனை அளவு, பார்க்கிங், பின்பக்க இடைவெளி எல்லாம் அந்தப் பயத்தை நாகரிகமாகச் சொல்கிற வழிகள்.

அதனால்தான் மாநில அரசு இந்த அதிகாரத்தை ஊர்களின் கையிலிருந்து பிடுங்கியது சரி என்கிறேன். இது ஒரே நாளில் நடந்ததும் இல்லை. 1982-லேயே இரண்டாம் வீடுகளுக்கென்று மாநிலச் சட்டம் வந்தது. ஆனால் நிபந்தனைகளை ஊர்களே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டதால் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. 2017-ல் ஊர்களின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1-ல்தான் உண்மையிலேயே கதவு திறந்தது. ஏடியூ (Accessory Dwelling Unit, அதாவது இருக்கிற வீட்டின் மனையிலேயே கட்டும் துணை வீடு) கட்டக் குறைந்தபட்ச மனை அளவு கேட்கக்கூடாது. 800 சதுர அடி, 16 அடி உயரம், பக்கத்திலும் பின்னாலும் நான்கடி இடைவெளி. இதற்குள் நின்றால் மறுக்க முடியாது. பஸ் நிறுத்தம் அரை மைல் நடைதூரத்தில் இருந்தால் பார்க்கிங் கேட்கக்கூடாது. கராஜை வீடாக மாற்றினால், போன பார்க்கிங்கை வேறெங்கே காட்டுவாய் என்று கேட்கக்கூடாது. விண்ணப்பம் முழுமையாகக் கொடுத்தபின் 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கணக்கு.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பொதுக் கூட்டம் நடத்தி ‘உங்களுக்குச் சம்மதமா’ என்று கேட்கும் வேலையே இதில் கிடையாது. அளவு சரியாக இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். டேப்புக்கு யார் முகமும் தெரியாது. 2016-ல் மாநிலம் முழுக்க ஆயிரத்துச் சொச்சமாக இருந்த அனுமதிகள் சில ஆண்டுகளிலேயே இருபதாயிரத்தைத் தாண்டியது இதனால்தான்.

2020 கடைசியில் அதே கவுண்டருக்குப் போனேன். அதே 5,800 சதுர அடி. இந்த முறை அடுப்பைப் பற்றி அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: புகை வெளியே போக ஹூட் எங்கே?

அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சுலபம் என்று நினைத்து யாரும் இறங்காதீர்கள். சட்டம் குழி தோண்டித் தராது. கழிவுநீர்க் குழாய்க்கு ஓர் அடி நீளத்துக்குக் கால் அங்குலம் சரிவு வேண்டும். எங்கள் வீட்டுப் பின்கோடியிலிருந்து முன்பக்கக் குழாய் வரை 60 அடி. அதாவது அந்த முனைக்கும் இந்த முனைக்கும் 15 அங்குல இறக்கம். நடுவில் பழைய ஆரஞ்சு மரத்தின் வேர். கான்ட்ராக்டர் மரத்தை எடுத்துவிடலாம் என்றார், அம்மா கூடாது என்றார், குழாய் வளைந்து போனது. அந்த வளைவுக்கு ஆன கூடுதல் செலவை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. 750 சதுர அடிக்குள் கட்டியதால் புது வீட்டால் ஊர் வசதிகளுக்குக் கூடும் சுமைக்கென்று ஊர் வசூலிக்கும் இம்பாக்ட் ஃபீ இல்லை என்பது அந்த நேரத்தில் ஓர் ஆறுதல்.

சொத்து வரி ஏறிவிடுமே என்று பலர் பயப்படுகிறார்கள். புதிதாகக் கட்டிய பகுதிக்கு மட்டும்தான் மதிப்புப் போடுவார்கள். பழைய வீட்டின் மதிப்பைத் தொடமாட்டார்கள்.

இந்தச் சட்டங்களில் எனக்கு ஒட்டாத ஒன்றும் உண்டு. ஏடியூ இருக்கும் மனையில் உரிமையாளர் குடியிருந்தே ஆகவேண்டும் என்று ஊர்கள் நிபந்தனை போடக்கூடாது என்பதை 2023-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். வீடு கூடுதலாகக் கிடைக்கும் என்பது வாதம். இருக்கலாம். ஆனால் முன்வீட்டில் நாமே இருக்கும்போது பின்வீட்டுக் குழாய் ஒழுகினால் அன்றைக்கே தெரியும். எங்கேயோ இருக்கிற முதலீட்டாளருக்கு அது இமெயிலில் போய்ச் சேர்வதற்குள் தரை ஊறிப்போயிருக்கும்.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. விசிட்டர் விசாவில் பெற்றோர் வந்து ஆறு மாதம் ஹாலில் சோபாவை விரித்துப் படுக்கும் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். நாலரை மணிக்கு எழுந்து மிக்ஸி போடப் பயந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். ‘எலி வளையானாலும் தனி வளை’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அப்புறம் எதிர்வீட்டுக்காரர் கராஜை மாற்றினால் மட்டும் ‘தெருவில் பார்க்கிங் போச்சு, ஏரியா கெட்டுப்போச்சு’ என்று வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதுவதும் நாம்தான். போன மாதம் அப்படி எழுதியவர் வீட்டில் நான்கு கார். கராஜுக்குள் ஒன்றுகூட இல்லை. ஊரிலிருந்து வந்த பெட்டிகளும் ஒரு டிரெட்மில்லும் இருக்கின்றன.

அம்மா ஊருக்குப் போயிருக்கும் மாதங்களில் பின்வீட்டில் ஒரு மாணவி குடியிருக்கிறாள். முப்பது நாளுக்குக் குறைந்து வாடகைக்கு விடக்கூடாது என்று எங்கள் ஊரில் விதி. அது நல்ல விதி. அம்மாவின் இட்லிப் பானை மேல்தட்டில் அப்படியே இருக்கிறது. அந்தப் பெண் அதில் பாஸ்தா வேகவைக்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

இப்போது எங்களுக்குப் பின்மனையில் இருப்பவர் ஒன்று கட்டியிருக்கிறார். வேலியிலிருந்து மிகச் சரியாக நான்கடி. அவர் ஜன்னலைத் திறந்தால் எங்கள் சமையலறை தெரிகிறது. முதல் வாரம் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. வேலிக்குப் போய் டேப் பிடித்து அளந்தும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கி மாட்டினேன்.