பந்தி விசாரணை

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். வேதாகமத்தை இரண்டு தடவை வாசித்து முடித்தேன், அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன், 21 நாள் உபவாசம் இருந்தேன். நானும் சொல்லியிருக்கிறேன். சபையே "ஸ்தோத்திரம்" என்று முழங்கும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். அது பரிசுத்த ஆவி என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படகு, வலை எல்லாம் கறுத்துப்போயின. சபையில் அரிசி, பருப்பு, போர்வை என்று மூட்டை கட்டினோம். பெயர்ப் பட்டியல் எழுதும் பொறுப்பு எனக்கு. அங்கத்தினர் பதிவேட்டைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதிவிட்டேன். காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் அக்கா ஒருவர், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், பட்டியலை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"தம்பி, என் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருக்கும் பாயம்மா பெயர் வரவில்லையே."

"அவர்கள் நம் சபை இல்லையே அக்கா."

"தண்ணீர் அங்கேயும்தானே புகுந்தது?"

அன்று இரவு வேதாகமத்தில், முதல் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தைத் திரும்ப எடுத்தேன். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப்போகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது. பந்தி விசாரணைக்கு, அதாவது உணவுப் பங்கீட்டைக் கவனித்துக்கொள்ள, ஏழு பேரைத் தேடுகிறார்கள். கேட்கப்படும் தகுதியைப் பாருங்கள்: நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். சோறு பகிர இவ்வளவு எதற்கு? யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கண்ணில் பட வேண்டுமே, அதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்கள் பக்கத்திலிருந்தே ஆள் எடுத்திருக்கிறார்கள் போலும். என் பதிவேட்டுக்கு அது தோன்றவே இல்லை.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. உணவுப் பங்கீட்டுக்கும் வசனம் போதிப்பதற்கும் கிரேக்க மூலத்தில் ஒரே சொல்: தியாகோனியா, அதாவது ஊழியம். நாமோ ஊழியம் என்ற சொல்லை மேடையில் ஏற்றிவிட்டோம். மைக் பிடித்தால் ஊழியம், பாத்திரம் கழுவினால் "உதவி". பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் ஒடுக்கப்பட்ட மக்களிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலை. அவ்வளவு தாழக் கிடந்த சொல் இன்று சுவரொட்டியில் பட்டமாகப் பளபளக்கிறது. (அரிசி மூட்டையோடு படம் எடுத்துப் போடுவதைப் பற்றி நான் பேசக்கூடாது. அந்தப் படத்தில் நானும் நிற்கிறேன்.)

ஜெபம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த அக்கா என்னைவிட அதிகம் ஜெபிக்கிறவர். ஆனால் முழங்காலிலிருந்து எழுந்தவுடன் எங்கே போகிறார் என்பதில்தான் வளர்ச்சியைப் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புது வண்ணாரப்பேட்டையில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் பெரியவர் வீட்டுக்குப் போவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு. மனைவியால் தனியாகப் புரட்ட முடியாது. ஒருமுறை என்னையும் கூப்பிட்டார். விரிப்பை உருவியதும் எழுந்த வாடை தாங்காமல், "வெளியே நின்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் அக்கா" என்று நழுவப் பார்த்தேன்.

"அப்புறம் ஜெபிக்கலாம் தம்பி. இப்போது இடுப்பைப் பிடியுங்கள்."

பிடித்தேன். இடுப்பெலும்பின் மேல் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. அக்கா அந்த இடத்தைத் தேய்க்காமல் சுற்றிலும் துடைத்து ஈரம் ஒற்றினார். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்தார். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் பழைய புடவையை மடித்து வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிவிடவேண்டும் என்று பாட்டியிடம் மறுபடியும் சொன்னார். பெரியவர் வாய் கோணிச் சிரித்தார்.

வரும் செவ்வாய்க்கிழமை அக்கா மகள் வீட்டுக்குப் பழவேற்காடு போகிறார். பெரியவர் வீட்டுக்குப் போவது நான்தான். துண்டை வெந்நீரில் நனைத்தால் நன்றாகப் பிழிந்துவிட வேண்டும், சூட்டை என் முழங்கையில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.