ஒகேனக்கல் அருவி போதும், கொஞ்சம் பட்டுக்கூடு அங்காடிப் பக்கமும் வாருங்கள்

தருமபுரி என்று தேடினால் முதலில் வந்து விழுவது ஒகேனக்கல் அருவிதான். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அதே ஆற்றங்கரையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, நைந்துபோன பிளாஸ்டிக் விரிப்பை மாற்றி, தார் பூசுகிறார்களே, அந்த வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை காட்டும் நாலு படம் தேடிப் பாருங்கள். லேசில் கிடைக்காது.

சொந்த ஊரைப் படம் எடுப்பது என்றால், ஊர் ஜனம் செய்கிற வேலையை வரிசை குலையாமல் எடுப்பது என்றுதான் நான் நினைக்கிறேன். வெளியூர்க்காரர் வந்த அன்றைக்கே அருவியை எடுத்துவிடலாம். எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை, எந்த மாதத்தில் எது நடக்கும் என்பது இங்கே இருப்பவருக்குத்தான் தெரியும்.

தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியையே எடுத்துக்கொள்வோம். உள்ளே போனதும் பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். மூட்டை இறங்குவது, தட்டில் கொட்டுவது, கறைபட்ட கூட்டையும் இரட்டைக் கூட்டையும் பொறுக்கி எடுப்பது, வாங்க வந்தவர் ஒரு கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்ப்பது, ஏலம், எடை. இத்தனையும் இருந்தால்தான் அது அங்காடி. வெறும் வெள்ளைக் குவியலை மட்டும் எடுத்தால் அது எந்த ஊரிலும் எடுத்த படம்.

அந்த வெள்ளையில்தான் முதல் சிக்கல். கண்ணெதிரே வெண்கூடு நிரம்பிக் கிடந்தால் கேமராவின் ஒளிமானி வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக்கொண்டு குறைத்துவிடும். கூடு சாம்பல் பூத்தாற்போல் வரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1 வையுங்கள். போனில் கூட்டின் மேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளினால் போதும். ஆனால் கூட்டின் மேலிருக்கும் நூல் இழை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இழை மறைந்து வெறும் வெள்ளையாகிவிட்டால் அதை அப்புறம் மீட்க வழியில்லை. கருத்துப்போன கையைப் பிறகு எடிட்டிங்கில் ஓரளவு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது சிக்கல் டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய வகை விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் 1/500 வைத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, இன்னொன்றில் குறுக்கே பட்டையாக வரும். 1/100 அல்லது 1/50 வையுங்கள். 1/100-இல் கூட்டை அளையும் விரல் லேசாகக் கலையும், முகம் தெளிவாக இருக்கும். வேலை நடக்கிறது என்பதை அந்தக் கலைவு காட்டுகிறது, எனக்கு அது பிடிக்கும். போனின் அல்ட்ராவைடு லென்ஸைத் தொடவே வேண்டாம். கிட்டத்தில் இருக்கும் கையை முகத்தைவிடப் பெரிதாக்கிவிடும். விவசாயியின் பெயரும் கணக்கு எண்ணும் இருக்கும் சீட்டு படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் முன்கதை புழு வளர்ப்பு மனையில் இருக்கிறது. பழுத்த புழு உடம்பு கண்ணாடி போலாகி நூல் கக்கத் தொடங்கும். அதைச் சந்திரிகையில் (புழு கூடு கட்டும் மூங்கில் தட்டு) விடும்போது, சன்னல் வெளிச்சம் புழுவுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி நின்று எடுத்தால் அந்தப் பளபளப்பு அப்படியே வரும். ஆனால் உள்ளே போகும் முன் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவுங்கள். சென்ட், கொசு விரட்டி எதுவும் பூசிக்கொண்டு போகாதீர்கள். பூச்சிக்கொல்லி வாடை போதும், புழு செத்துவிடும். ஒரு படத்துக்காக ஒரு குடும்பத்தின் ஒரு பருவ உழைப்பைப் பாழாக்கக் கூடாது.

வாரச்சந்தைக்கு வருவோம். நல்லம்பள்ளி செவ்வாய், போச்சம்பள்ளி ஞாயிறு. ஆட்டு வியாபாரம் விடியலிலேயே சூடு பிடித்துவிடும். எட்டு மணிக்கு மேல் போனால் வெயிலும் ஏறிவிடும், நல்ல ஆடுகளும் கைமாறியிருக்கும். காய்கறிப் பக்கம் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள்; அதன் கீழே இருக்கும் முகமெல்லாம் நீலம் பாய்ந்துதான் வரும். ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சமநிலை) மாற்றி முகத்தைச் சரிசெய்தால், திறந்த பக்கத்தில் வெயில் படும் தக்காளி மஞ்சளடிக்கும். இரண்டு வெளிச்சமும் ஒரே படத்தில் இருக்கும்வரை இது தீராது. கடைக்காரர் தார்ப்பாயின் ஓரத்துக்கு வந்து எடைபோடும் நேரத்துக்குக் காத்திருங்கள், அல்லது அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுங்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுபவர்களைக் கண்டால் முகங்களை மட்டும் எடுங்கள். உள்ளே என்ன விலை என்று எட்டிப் பார்க்காதீர்கள். துண்டு போட்டதே அதற்குத்தான்.

தெருக்கூத்துதான் எல்லாவற்றிலும் கடினம். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து ராத்திரி பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை போகும். எல்லோரும் மேடைக்கு முன்னால் நின்று கிரீடத்தை எடுக்கிறார்கள். நான் ஒப்பனை இடத்துக்கு முதலில் போகச் சொல்வேன், கூத்துக் குழுவின் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு. முகத்தில் அரிதாரம் ஏறுவது, கட்டை (மரத்தால் செய்த அணி) கட்டுவது, தோளில் அணியும் புஜக்கீர்த்தியை இறுக்குவது, கடைசியில் சலங்கை. ஒருவரையே முதலிலிருந்து கடைசிவரை எடுங்கள், பத்துப் பேரைத் துண்டுதுண்டாக எடுக்காதீர்கள்.

ஆட்டத்துக்கு லென்ஸ் திறப்பு எஃப் 2 அல்லது 2.8, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/160-இலிருந்து 1/250. சுற்றி ஆடும்போது பாவாடையின் விரிப்பு வேண்டுமானால் 1/30-க்கு இறங்கலாம். இப்போது எங்கும் வண்ண எல்இடி விளக்கு வைக்கிறார்கள். சிவப்பு வெளிச்சம் சிவப்பு அரிதாரத்தில் பட்டால் மூக்கும் கன்னமும் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சரியாகக் காட்டும், சிவப்பு மட்டும் முட்டி நிற்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், ஒரு ஸ்டாப் குறையுங்கள், ரா கோப்பாகவே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) வையுங்கள். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் சத்தம் வராமலிருக்க எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் ஆடுகிறவருக்கு இரண்டு முகம் வந்துவிடும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனன் வதையை நடத்திக் காட்டும் படுகளம் காலையில். தரையில் மண்ணால் செய்த துரியோதனன் எவ்வளவு பெரியது என்பது நின்ற இடத்திலிருந்து எடுத்தால் தெரியாது. பக்கத்து மாடிக்கு முன்பே சொல்லிவைத்து ஏறிக்கொள்ளுங்கள். பிறகு கீழே இறங்கித் தொடைப் பக்கம் இடம் பிடியுங்கள். பீமன் அடிப்பதும் திரௌபதி கூந்தல் முடிவதும் அங்கேதான். முடிந்ததும் ஜனம் மண்ணை அள்ளிப் போவதையும் விடாதீர்கள்.

வேடியப்பன் கோயில்களில் கும்பிடப்படும் நடுகற்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்து தெரியவேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள். சாயங்காலம் இருட்டியபின் ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் மழுங்கிய கோடும் நிழல் விழுந்து எழும்பி வரும். பூசாரியிடம் கேட்காமல் மாலையையோ துணியையோ விலக்கக் கூடாது.

எடுத்த அன்றைக்கே குறிப்பு எழுதுங்கள்: தேதி, ஊர், வட்டம், வேலையின் பெயர், கருவியின் பெயர். கருவிக்கு அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள். முகநூலில் ஏற்றினால் படத்தோடு இருக்கும் தேதி விவரம் போய்விடும், வாட்ஸ்அப் படத்தையே சுருக்கிவிடும். மூலக் கோப்பை அனுப்ப வேண்டுமானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். படத்தில் இருப்பவருக்கு 4×6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டு, அடுத்த சந்தை நாளில் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள்.